ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கப் போகிறீர்களா? முதலில் மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்று பாருங்கள்

பியானோ ஓரளவு வாசிக்கத் தெரியும், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை, "நீ வந்து உட்காரேன்" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆர்கனிஸ்டுகளில் பாதிப் பேர் இப்படித்தான் இதற்குள் வந்தார்கள், நானும் அப்படித்தான். அப்படி வந்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கச்சேரி ஆர்கனிஸ்ட் ஆவது வேறு விஷயம், அது இங்கே இல்லை. ஞாயிறு காலையில் ஒரு சபை எழுந்து நின்று பாடும்போது அவர்களைத் தடுமாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்னென்ன தெரிய வேண்டும் என்பது மட்டும்தான்.

என் ஆசிரியர் முதல் வகுப்பில் என்னை வாசிக்கவே விடவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, எழுந்து நின்று நான்கு சரணமும் பாடச் சொன்னார். பாடி முடித்ததும், எங்கெல்லாம் மூச்சு எடுத்தாய் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி பாடச் சொல்லி, மூச்சு எடுத்த ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட வைத்தார். முதல் சரணத்தில் கோடு விழுந்த இடத்தில் மூன்றாம் சரணத்தில் விழவில்லை, ஏனென்றால் அங்கே வாக்கியம் வரியைத் தாண்டி ஓடியது. "ஆர்கனுக்கு மூச்சு முட்டாது, அவர்களுக்கு முட்டும், அதனால் அவர்களுக்காக நீதான் மூச்சு விட வேண்டும்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் புதுப் பாட்டு ஒன்று வந்தால் நான் முதலில் எடுப்பது பென்சிலைத்தான்.

உட்காருவதற்கு முன்

பியானோ அடிப்படை வேண்டும், அதில் சமரசம் கிடையாது. இரண்டு கையும் தனித்தனியே இயங்க வேண்டும், இரண்டு வரிசை நோட்டேஷனையும் சேர்த்துப் படிக்க வேண்டும், நான்கு குரல் பாட்டு ஒன்றை மெதுவாகவாவது நிற்காமல் வாசிக்க வேண்டும். அந்த "நிற்காமல்" என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பியானோ பழகும்போது தப்பு வந்தால் நின்று, திருத்தி, மறுபடி தொடங்குகிற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கும். ஆலயத்தில் அப்படி நின்றால் பாடுகிறவர்கள் அத்தனை பேரும் உங்களோடு சேர்ந்து தடுக்கி விழுவார்கள். மெட்ரோனோமை ஓடவிட்டு, தப்பு சுரம் விழுந்தாலும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த பீட்டில் ஏறிக்கொள்ளப் பழகுங்கள். ஒரு தப்பு சுரத்தைச் சபை கவனிக்கவே கவனிக்காது, ஒரு பீட் தொலைந்தால் கடைசி வரிசைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

கருவியோடு பழக்கம்

ஆர்கன் ரொம்பப் பழைய சாமான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் என்பவர் தண்ணீரின் அழுத்தத்தை வைத்துக் காற்றைச் சீராக்கிக் குழல்களுக்கு அனுப்பிய கருவிதான் இதன் மூதாதை. இன்றைக்குக் காற்றடிக்க மின்விசிறியும், தண்ணீருக்குப் பதில் துருத்தியும் வந்துவிட்டன, காற்றைச் சீராக்கிக் குழலுக்கு அனுப்புகிற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. மின்னணு ஆர்கனில் குழலே இல்லை என்றாலும் முன்னால் இருக்கும் அமைப்பு இதேதான்.

கைக்கு இரண்டோ மூன்றோ கட்டை வரிசைகள் இருக்கும், அவற்றுக்கு மேனுவல் என்று பெயர். காலுக்கு ஒரு வரிசை, அதுதான் பெடல், பெரும்பாலும் 30 அல்லது 32 கட்டைகள். பக்கத்தில் ஸ்டாப்புகள், அதாவது எந்தக் குழல் கூட்டம் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இழுப்பான்கள் அல்லது பொத்தான்கள். அதில் எழுதியிருக்கும் எண்தான் புதியவர்களைக் குழப்பும். 8 என்றால் 8 அடி, அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த சி சுரத்துக்கான குழலின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு, நோட்டேஷனில் எழுதியிருக்கும் அதே சுருதியில் ஒலிக்கும். 4 ஒரு ஸ்தாயி மேலே, 2 இரண்டு ஸ்தாயி மேலே, 16 ஒரு ஸ்தாயி கீழே. இரண்டே முக்கால் போல ஏதோ பின்னம் தெரிகிறதே என்று பார்த்தால் அது 2⅔, ஒரு ஸ்தாயிக்கு மேல் இன்னும் ஐந்தாம் சுரத்தில் ஒலிக்கும், அதைத் தனியாகப் போட்டு வாசித்தால் பாட்டு வேறு சுருதியில் கேட்கும், மற்ற ஸ்டாப்புகளோடு சேர்த்தால் மட்டும்தான் வேலைக்கு ஆகும்.

பெயர்கள் நூறு இருந்தாலும் குடும்பம் நான்குதான்: ஆர்கனுக்கே உரிய ஒலி தரும் பிரின்சிபல், புல்லாங்குழல் போன்ற ஃப்ளூட், வயலின் போன்ற ஸ்ட்ரிங், உள்ளே நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட். சபைப் பாட்டுக்கு முதுகெலும்பு பிரின்சிபல். முதல் ஒரு மாதத்துக்கு மேனுவலில் 8 அடி, 4 அடி, கூட்டம் அதிகமாக இருந்தால் 2 அடி, பெடலில் 16, 8, இவ்வளவே போதும். எல்லா ஸ்டாப்பையும் இழுத்துப் பார்க்கும் ஆசை வரும், அதை யாரும் இல்லாத ஒரு சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒவ்வொன்றாகப் போட்டு, கீழிருந்து மேல்வரை வாசித்து, எது எப்படி ஒலிக்கிறது என்று உங்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு நண்பரை வாசிக்கவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேளுங்கள். வாசிக்கும் இடத்தில் கேட்கும் சத்தம் ஒன்று, சபைக்குப் போகும் சத்தம் இன்னொன்று. அந்த வித்தியாசம் பல ஆலயங்களில் என்னைத் திடுக்கிட வைத்திருக்கிறது.

கை

பியானோவில் அடித்த சுரம் தானாகத் தேய்ந்து போகும். ஆர்கனில் விரலை எடுக்கிற நொடி வரைக்கும் அதே அளவில் நிற்கும், எடுத்ததும் அறுந்துவிடும். ஓங்கி அடித்தாலும் சத்தம் அதிகமாகாது, ஒலியைத் தாங்கிப் பிடிக்கிற பியானோ பெடலும் இல்லை. பியானோவில் விரலின் வேகத்தால் செய்த எல்லாவற்றையும் இங்கே நேரத்தால் செய்ய வேண்டும், எப்போது அழுத்துகிறோம், எப்போது எடுக்கிறோம், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. விரலை எடுக்கும் நேரத்தை யோசிக்கவே பியானோக்காரர்களுக்குப் பழக்கம் இருக்காது, அதனால் அங்கேதான் முதல் மூன்று மாதம் போகும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு, விரல் மாற்றுவது. ஒரு கட்டையை மூன்றாம் விரலால் அழுத்தியபடியே, ஒலி அறாமல், அதே கட்டைக்கு ஐந்தாம் விரலைக் கொண்டுவந்து மூன்றாவதை விடுவித்துக்கொள்வது. தினமும் பத்து நிமிடம், ரொம்ப மெதுவாக. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நடப்பதற்கு வேறு வழி இல்லை. ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நடுவில் விரலைத் தூக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், பாடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஓர் அசை காணாமல் போனது போல இருக்கும். மேல் குரலில் வரும் இரட்டைச் சுரங்களைத் தெளிவாகப் பிரித்து வாசியுங்கள், நடுக் குரல்களில் வருவதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். மெட்டு பளிச்சென்று கேட்கும், அடியில் ஒலி அறாமல் தாங்கும்.

கால்

பயப்படுகிற இடம் இதுதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் செருப்பில்லாமலும் வாசிக்காதீர்கள், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டப்பந்தய ஷூவும் வேண்டாம். மெல்லிய தோல் அடிப்பாகம், ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் குதிகால், பாதத்தைவிட அகலமாக வெளியே நீளாத ஓரம், இப்படி ஒரு ஷூ வேண்டும். ஆர்கனுக்கென்றே செய்யும் ஷூ கிடைக்கும், அப்படி வாங்க முடியாதவர்கள் நடன ஷூவிலேயே சமாளிக்கிறார்கள். எதுவானாலும் அதைத் தெருவில் போடாதீர்கள், அடியில் ஒட்டிய ஒரு சின்னக் கல் போதும், பெடல் மரத்தில் கோடு விழுந்துவிடும்.

பெஞ்சில் உட்காரும்போது பாதம் இரண்டும் பெடல் மேல் லேசாகப் பட வேண்டும், அழுத்தவும் கூடாது, அந்தரத்தில் தொங்கவும் கூடாது. உயரம் சரியில்லையென்றால் அடியில் கட்டை கொடுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உடம்பின் நடு பெடல் வரிசையின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காருவதுதான் பாதி வேலை, கால் அந்தத் தூரத்தைத்தான் மனப்பாடம் செய்கிறது.

குனிந்து பார்க்காமல் பெடலைக் கண்டுபிடிப்பது எப்படி? கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டமாக இருக்கின்றன, நடுவில் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில் பெருவிரல் பக்கத்தைச் செருகிப் பாருங்கள், வலது பக்கம் தட்டுப்படுவது எஃப் ஷார்ப் என்றால் அதன் பக்கத்து வெள்ளைக்கட்டை எஃப், இடது பக்கம் தட்டுப்படுவது டி ஷார்ப் என்றால் அதன் பக்கத்து வெள்ளைக்கட்டை ஈ. கண்ணை மூடிக்கொண்டு இதையே ஒரு வாரம் செய்தால், இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்சைப் போடுவது போலக் கால் தானாகப் போகும். நோட்டேஷனில் கூரைபோல ஒரு குறி நுனிக்காலுக்கு, ஆங்கில யூ எழுத்துபோல ஒரு குறி குதிகாலுக்கு. வரிக்கு மேலே இருந்தால் வலது கால், கீழே இருந்தால் இடது கால். முதலில் நுனிக்கால் மட்டும், இடதும் வலதும் மாறி மாறி. முழங்கால்கள் ஒன்றையொன்று விட்டு ரொம்ப விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையையும் காலையும் சேர்ப்பது. வலது கைக்கு மேல் குரல்களான சொப்ரானோவும் ஆல்ட்டோவும், இடது கைக்கு அதற்குக் கீழே வரும் டெனர், காலுக்கு அடிக்குரலான பேஸ். இதில் இடது கைதான் சிரமம் கொடுக்கும், ஏனென்றால் இத்தனை வருடம் பேஸை வாசித்துப் பழகிய கை, காலோடு சேர்ந்து கீழே இறங்கப் பார்க்கும். அதனால் முதலில் இடது கையும் காலும் மட்டும் சேர்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீட்டில் ஆர்கன் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஆர்கனிஸ்டாகவும் இருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் மருத்துவராக ஆப்பிரிக்காவின் லம்பரேனேவுக்குப் போனபோது, ஆர்கன் பெடல் பொருத்திய பியானோ ஒன்று அவரோடு போயிற்று, நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு அதில்தான் பழகினார். இன்றைக்குக் கணினியும் அதோடு இணைக்கும் மிடி பெடல் வரிசையும் இருந்தால் கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருளில் உண்மையான குழல் ஆர்கன்களின் பதிவுகளை வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் பழகலாம். இருந்தாலும் வாரத்தில் ஒரு முறையாவது வாசிக்கப்போகும் அந்த ஆலயத்துக் கருவியில் உட்காருங்கள்.

சபையைப் பாட வைப்பது

சரி, இதுவரை சொன்னது கருவி. வேலை இனிமேல்தான்.

முன்னிசையில் இருந்து தொடங்குவோம். பாட்டின் முதல் வரி, அல்லது முதல் வரியும் கடைசி வரியும். எந்த வேகத்தில் அவர்கள் பாட வேண்டுமோ அதே வேகத்தில். முன்னிசையை மெதுவாக, உருக்கமாக வாசித்துவிட்டுச் சரணத்தில் வேகம் பிடித்தால் முதல் வரி முழுக்கக் கலவரம்தான். வேகத்தை எப்படி முடிவு செய்வது? கட்டையைத் தொடுவதற்கு முன் மனசுக்குள் இரண்டு வரி பாடிப் பாருங்கள், வார்த்தை வாயில் சுகமாக வருகிற வேகம் எதுவோ அதுதான். முன்னிசை முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி, அதில் நீங்களே வாயைத் திறந்து மூச்சை இழுங்கள், இழுத்த கையோடு முதல் சுரம். நீங்கள் எடுக்கும் மூச்சின் நீளம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் நீளம், எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே வராது.

சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் இடைவெளியிலேயே சபை அந்த அளவைக் கற்றுக்கொள்ளும், இரண்டாவதில் இருந்து நம்பி ஏறும். அதை மாற்றினீர்களானால் பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால்.

அப்புறம், இழுவை. எல்லாப் புதிய ஆர்கனிஸ்டையும் இது பிடிக்கும். முதல் சரணத்தில் இருந்த வேகம் நான்காம் சரணத்தில் பாதியாகிவிடும், எல்லோரும் சபையைக் குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடைசி வரிசை 30 மீட்டர் தூரத்தில் இருந்தால் உங்கள் சுரம் அங்கே போய்ச் சேர 0.09 நொடி, அவர்கள் பாடியது திரும்பி உங்கள் காதுக்கு வர இன்னொரு 0.09 நொடி. நிமிடத்துக்கு 80 பீட் வேகத்தில் வாசித்தால் இது ஏறக்குறைய கால் பீட். சபை சரியாகப் பாடினாலும் உங்களுக்குக் கால் பீட் பின்னால்தான் கேட்கும். பாவம், அவர்கள் பின்தங்குகிறார்களே என்று நீங்கள் காத்திருந்தால் அடுத்த சுரம் தாமதமாகும், அதைக் கேட்டு அவர்கள் இன்னும் தாமதமாவார்கள். அதனால் வரிக்கு நடுவில் காத்திருக்காதீர்கள். வேகம் உங்கள் கையில் இருக்கட்டும், வரி முடிவில் மூச்சுக்குத் தாராளமாக இடம் விடுங்கள். இழுத்துவிட்டது என்று தெரிந்தால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், சுரங்களைக் கொஞ்சம் வெட்டி வாசியுங்கள், தாளம் தெளிவாகக் கேட்டதும் சபை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வார்த்தையைப் பார்த்து ஸ்டாப்பை மாற்றுங்கள். துக்கமும் ஜெபமுமான சரணத்தில் 2 அடியை உள்ளே தள்ளிவிடலாம், கடைசிச் சரணத்தில் மிக்ஸ்சரோ (ஒரே கட்டைக்குப் பல உயர்ந்த குழல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்டாப்) ரீடோ சேர்க்கலாம். மாற்றுவதைச் சரண இடைவெளியில், ஒரே அசைவில் செய்யப் பழகுங்கள், அந்த இடைவெளி அதற்காக ஒரு பீட்கூட நீளக் கூடாது.

அலங்காரம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜெர்மன் இசைமேதை செபஸ்தியான் பாக் 1703இல், 18 வயதில், ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கனிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு வாரம் லீவு வாங்கி, அந்நாளின் பெரிய ஆர்கனிஸ்ட் பூக்ஸ்டெஹூடேயின் வாசிப்பைக் கேட்க லூபெக்குக்கு நடந்தே போனவர் ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். 1706 பிப்ரவரியில் ஆலய நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தபோது லீவு மட்டும் குற்றச்சாட்டு இல்லை, பாட்டுக்கு நடுவில் விசித்திரமான மாறுதல்களைப் புகுத்திச் சபையைக் குழப்புகிறார் என்பதும் சேர்ந்தே இருந்தது. முன்னிசையை ரொம்ப நீளமாக வாசித்தார், சொன்னதும் ஒரேயடியாகக் குறைத்துவிட்டார் என்றும் அந்தப் பதிவில் இருக்கிறது. பாக் ஆனாலும் சபைக்குப் பாட்டின் வழி தெரிந்தாக வேண்டும், இந்த விஷயத்தில் நான் நிர்வாகத்தின் பக்கம்தான். பிற்பாடு அவரே புதிய ஆர்கனிஸ்டுகளுக்காக, சபைப் பாடல்களை விரித்து வாசிக்கவும் பெடலில் தேறவும் உதவட்டும் என்று முகப்பிலேயே எழுதி ஒரு தொகுப்பு செய்தார், ஆர்கெல்ப்யூக்லைன் என்று பெயர். ஒரு வருடம் போனபின் அதில் எளிதான ஒன்றை எடுத்துப் பழகுங்கள்.

ஆராதனைக்குள்

பாட்டு மட்டும் இல்லை, ஆராதனைக்கு முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும், காணிக்கை நேரம், நற்கருணை நேரம் எல்லாம் உண்டு. நற்கருணைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, கையில் இருக்கும் இசைத்தாள் முடிந்துவிடும், வரிசை முடிந்திருக்காது. இதற்காகவே கொஞ்சம் சொந்தமாக இட்டுக்கட்டிப் பழகுங்கள். இப்போது பாடிய மெட்டையே எடுத்துக்கொண்டு, மெல்லிய 8 அடி ஃப்ளூட்டில், ஒரு வரி வாசித்து, அந்த வரியின் கடைசி நான்கு சுரங்களை வேறு சுருதியில் திருப்பி வாசித்து, மறுபடி மூலத்துக்கு வந்தால் இரண்டு நிமிடம் ஓடிவிடும். எந்த இடத்திலும் நான்கு சுரத்துக்குள் முடித்து நிறுத்தத் தெரிந்திருப்பது இதில் பாதி வித்தை.

அடக்க ஆராதனையில் அலங்காரம் எதுவும் வேண்டாம். அழுதுகொண்டு பாடுகிறவர்களுக்கு மூச்சு சீக்கிரம் தீரும், வரி முடிவில் வழக்கத்தைவிட அதிகம் விடுங்கள், மெட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு நடுவில் நின்றுபோகாமல் ஆர்கன் ஒன்றே தாங்கிப்போக வேண்டிய கட்டமும் வரும்.

பாட்டின் மேல் 8.6.8.6 என்று எழுதியிருப்பது ஒவ்வொரு வரியிலும் உள்ள அசைகளின் எண்ணிக்கை. ஒரே எண் கொண்ட பாட்டை இன்னொரு மெட்டில் பாடலாம், தெரியாத மெட்டு வந்துவிட்டால் தெரிந்ததைப் போட இது கைகொடுக்கும். மாற்றுவதற்கு முன் அழுத்தம் சரியாக விழுகிறதா என்று ஒரு சரணம் முழுக்கப் பாடிப் பாருங்கள், ஆராதனை நடத்துகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கோளாறுகள்

விரலை எடுத்தபின்பும் ஒரு சுரம் தானாக ஊதிக்கொண்டே இருக்கும், குழல் ஆர்கனில் இது நடக்கும். பதறாதீர்கள். அந்தக் கட்டையை நாலைந்து முறை வேகமாகத் தட்டுங்கள், நிற்கவில்லையென்றால் ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி எதில் ஊதுகிறது என்று பார்த்து அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் வாசியுங்கள். வெப்பம் ஏறிய நாளில் ரீட் ஸ்டாப் மட்டும் சுருதி விலகியதுபோல் கேட்டால் உண்மையில் ஏறியது மற்ற குழல்களின் சுருதி, அன்றைக்கு ரீடைத் தொடாமல் விடுங்கள், நீங்களாகத் திருகிச் சரிசெய்யப் போகாதீர்கள்.

மின்னணு ஆர்கனில் சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை அதை இரண்டு படி இறக்கிப் பழகிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன், மறுநாள் காலை பாடகர் குழு வேறு சுருதியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்த அந்த முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அன்றிலிருந்து உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் பொத்தான் பூஜ்யத்தில் இருக்கிறதா என்பதைத்தான்.

ஆசிரியர், தேர்வு, பேச்சுவார்த்தை

முடிந்தவரை ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள், மாதம் இரண்டு வகுப்பு கிடைத்தாலும் போதும், கால் வைக்கும் முறை தப்பாகப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். சான்றிதழ் வேண்டுமென்றால் லண்டனில் 1864இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், அமெரிக்காவில் 1896இல் தொடங்கிய அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், இரண்டும் படிப்படியாகத் தேர்வு நடத்துகின்றன. தேர்வு எழுதாவிட்டாலும் அவர்கள் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், ஆராதனைக்கு என்ன தேவை என்று அதிலேயே தெரியும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு எத்தனை ஆராதனை, பாடகர் குழுப் பயிற்சி உண்டா, திருமணமும் அடக்கமும் இதில் சேர்த்தியா தனியா, ஊதியம் எவ்வளவு, பழகுவதற்குச் சாவி கிடைக்குமா, உங்களால் வர முடியாத வாரம் யார் வாசிப்பார். சேவைதானே என்று இதையெல்லாம் பேசாமல் விட்டவர்கள் இரண்டு வருடத்தில் மனக்கசப்போடு விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன், அது ஆலயத்துக்கும் நஷ்டம்தான். பாட்டுப் பட்டியல் குறைந்தது மூன்று நாளுக்கு முன் கையில் கிடைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதல் ஞாயிறு

அரை மணி முன்னால் போங்கள். மோட்டாரைப் போட்டுக் காற்று நிரம்பட்டும், ஷூவை மாற்றுங்கள், பெஞ்சைச் சரிசெய்யுங்கள், பாட்டுகளை வரிசையாக அடையாளம் வைத்து அடுக்குங்கள், நடத்துகிறவரைப் பார்க்கும் கண்ணாடியோ கேமராவோ நேராக இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் ஒரு முறை மெதுவாக வாசித்துக்கொள்ளுங்கள். கால் நடுங்கினால் பெடல் இல்லாமல் கையால் மட்டும் வாசிக்கலாம், அதை நானே பல வாரம் செய்திருக்கிறேன், சபை நன்றாகவே பாடியது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் ஸ்டாப்புகளை உள்ளே தள்ளி, கட்டை வரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொத்தான்களை விடுவித்து, மோட்டாரை நிறுத்துங்கள். துருத்தி மெதுவாக இறங்கும் பெருமூச்சு போன்ற சத்தம் கேட்கும். அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே பென்சிலை எடுத்து, இன்றைக்கு எந்த வரியில் அவர்களுக்கு மூச்சு போதவில்லை என்று பாட்டுப் புத்தகத்தில் குறித்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் மறந்துவிடும்.